சுங்கை சிப்புட்டில் மங்கு வேட்டை

வெள்ளிக்கிழமை ராத்திரி மச்சான் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். ரம்புத்தான் மரத்தடியில் நீலத் தார்ப்பாய், அதன்மேல் குத்துவிளக்கு, தையல் மெஷின், துருப்பிடித்த பிஸ்கட் டின்கள். கூடவே ஒரு வரி: "பாட்டி ஜொகூருக்கு மகன் வீட்டுக்குப் போறாங்க, எல்லாத்தையும் தள்ளிவிடுறாங்க." பழைய சாமான் வாங்கி விற்கிற எனக்கு அப்புறம் எங்கே தூக்கம் வரும்?

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் 30 கிலோமீட்டர் இருக்கும். ஆறரைக்குக் கிளம்பி, நெடுஞ்சாலையை விட்டுப் பழைய சாலையைப் பிடித்தோம். செம்மோர், கந்தான் வழியாகப் போனால் சுண்ணாம்பு மலைகள் கூடவே வரும், கண்ணுக்கு நல்லது. சிப்புட் என்றால் மலாயில் நத்தை. ஆனால் இந்த வேலையில் நத்தையாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. எட்டு, எட்டரைக்கெல்லாம் "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டு பழைய பேப்பர் லாரி வந்துவிடும். அந்தத் தவுக்கே (லாரி முதலாளி) எதையும் திருப்பித் திருப்பிப் பார்க்கமாட்டார். தராசில் போட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அவருக்கு முன்னால் நாம் அங்கே இருக்க வேண்டும்.

1948 ஜூன் 16-ஆம் தேதி மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த ஊர்ப் பக்கம்தான். அதையொட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் வந்து 1960 வரை நீடித்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளிகளே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தனுக்கும் இதுவே சொந்த ஊர். இப்போது நாங்கள் போன வழியில் பால்மரம் (ரப்பர் மரம்) அபூர்வம், திரும்பிய பக்கமெல்லாம் செம்பனை. பால்மரத்தோடு சேர்ந்த சாமான்கள் மட்டும் வீட்டுக்கு வீடு மூலையில் கிடக்கின்றன. எனக்கு வேண்டியதும் அதுதான், முக்கியமாக மங்கு, அதாவது ரப்பர்ப் பால் பிடிக்கும் கிண்ணம்.

பாட்டி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க தம்பி, பசியாறிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். இப்படிக் கேட்பவரிடம் அடித்துப் பேரம் பேச முடியுமா?

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். பித்தளையில் ஒட்டாது, பித்தளை முலாம் பூசிய இரும்பில் ஒட்டிக்கொள்ளும். குத்துவிளக்கின் தலையில் ஒட்டவில்லை, தண்டில் ஒட்டவில்லை, அடித்தட்டில் டக்கென்று ஒட்டியது. நான் முகத்தை மாற்றுவதற்குள் பாட்டியே சொல்லிவிட்டார்: "அடி உடைஞ்சிருச்சு தம்பி, எங்க வீட்டுக்காரர் இரும்புல பத்த வச்சாரு." விளக்கை அப்படியே வைத்துவிட்டேன்.

சிங்கர் தையல் மெஷினை மச்சான் விடவில்லை. படகு மாதிரி நீளமான பாபின் கூடு உள்ள பழைய ரகம். மெஷின் மேடையில் குத்தியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் பார்த்தால் எந்த வருஷத்தில் செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் வாங்குகிறவர்களில் பாதிப்பேருக்கு அந்த எண் தேவையே இல்லை. காப்பிக் கடைக்காரர்கள் இரும்புக் காலை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே பளிங்குக் கல் போட்டு மேசையாக்கிவிடுகிறார்கள். தைக்கும் தலை எங்கே போகிறது என்று கேட்காதீர்கள். நூற்றிருபது வெள்ளிக்கு (எங்களுக்கு ரிங்கிட் என்றால் வெள்ளிதான்) பேசி முடித்த பிறகுதான் அது என் மைவி காருக்குள் ஏறாது என்று தெரிந்தது. அந்தக் கதை மச்சானோடு போகட்டும்.

பக்கத்து வீட்டு அங்கிள் ஒருவர் கைக்குட்டையில் முடிந்து எதையோ கொண்டுவந்தார். ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 1 காசு, மூலை மழுங்கிய சதுரக் காசுகள், 1943-ஐச் சேர்ந்தவை. ஏதோ வீடியோவில் ஆயிரக்கணக்கில் விலை சொன்னார்களாம். அந்தக் காசு மலாயா முழுக்கப் புழங்கியது, இன்னும் ஏராளமாகக் கிடைக்கிறது, சாதாரணமாகச் சில வெள்ளிக்கு மேல் போகாது என்றேன். அவர் நம்பவில்லை. ஜப்பான்காரன் காலத்து வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டும் அப்படித்தான். எழுத்து மட்டும் அச்சான நோட்டு மலிவு, வரிசை எண்ணும் சேர்ந்திருந்தால் கொஞ்சம் மதிப்பு. அவரிடம் இருந்தது முதல் வகை. என்னை ஒரு ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு முடிச்சைப் போட்டுக்கொண்டார்.

நான் வந்த விஷயம் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கோணிப்பையில் மங்கு. பால்மரத்தில் கம்பியில் மாட்டிப் பால் பிடிப்போமே, அந்தச் சுட்டமண் மங்கு. உள்ளே பழுப்பு மெருகு, அடி குறுகல். அந்தக் காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சீனக் குயவர்கள் நீளமான சூளைகளில் இவற்றைச் சுட்டுத் தள்ளினார்கள். பிறகு பிளாஸ்டிக் வந்தது. ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உள் விளிம்பில் காய்ந்த ரப்பர் வளையம் வளையமாகக் கறுத்துத் தோலாகப் படிந்திருந்தது. மூக்குக்கிட்டே கொண்டுபோனால் பழைய பால் ஸ்டோர் வாடை, வயிற்றைப் புரட்டும்.

"ஒண்ணு அம்பது காசு குடுங்க தம்பி. கழுவி வைக்க நேரமில்லாம போச்சு, மன்னிச்சுக்குங்க."

34 மங்கு. பதினேழு வெள்ளி ஆகிறது, இருபதாகக் கொடுத்தேன். மிச்சம் வேண்டாம் என்றதற்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கையில் திணித்தார். பெட்டியில் மங்குகளை அடுக்கும்போது ஒவ்வொன்றையும் கவிழ்த்தே வைத்தார். ஏன் பாட்டி என்றேன். "பால் எடுத்ததும் கவுத்து வைக்கணும், இல்லாட்டி மழைத்தண்ணி நிக்கும்." மரம் வெட்டுவதை (பாலுக்காகப் பட்டை சீவுவதை) விட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். வாசல் பக்கம் சொருகியிருந்த பால்மரம் வெட்டும் உளியையும் கேட்டுப் பார்த்தேன். "அது எதுக்கு? அதுலதான் தேங்கா மட்டை சீவுறேன்" என்று சிரித்தார். வீட்டுக்கு அடியில் இன்னொரு கோணி கிடக்கிறது, இழுத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். நாங்கள் கிளம்பும்போது லாரிப் பாட்டு முனையில் கேட்டது.

அன்று ராத்திரி ஒரு மணிவரை குளியலறையில் உட்கார்ந்து மங்கு கழுவினேன். ரப்பர் தோலை நகத்தால் உரித்து, ஆப்பச் சோடா போட்டுத் தேய்த்து, கள்ளிச்செடி வைக்க வசதியாக அடியில் துளை போட்டு (தண்ணீருக்குள் வைத்து வைர முனையால் மெதுவாகத் துளைக்க வேண்டும், அப்படியும் இரண்டு விரிந்துவிட்டது). முதுகு விட்டுப்போனதால் கடைசி நான்கை மட்டும் அப்படியே போட்டுவிட்டேன்.

மறுநாள் ஈப்போ பசார் காராட்டில் (பழைய சாமான் சந்தை) பாய் விரித்தேன். கழுவியவை ஐந்து வெள்ளி, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. பத்து மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு சீன ஜோடி வந்தது. கழுவியதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். பெட்டி மூலையில் கிடந்த அந்த நான்கையும் கண்டதும் அந்தப் பெண் கிட்டத்தட்ட கத்திவிட்டாள். ரப்பர் ஒட்டியது, துளை போடாதது, அதுதான் வேண்டுமாம். ஒன்று பதினைந்து வெள்ளி, மறுபேச்சே இல்லை. "இன்னும் எத்தனை இருந்தாலும் எடுத்துக்கொள்கிறோம்" என்று போன் நம்பர் வேறு கொடுத்தார்கள்.

உடனே பாட்டிக்குப் போன் போட்டேன். வீட்டுக்கு அடியில் இருந்த கோணி என்னாச்சு பாட்டி?

"எடுத்துட்டேன் தம்பி, அம்பதுக்கு மேல இருக்கு. போன தடவை அழுக்காவே குடுத்துட்டோமேன்னு மனசு கேக்கல. நேத்து சாயங்காலமே சோப்புப் போட்டு பளபளன்னு கழுவி, உங்களுக்குன்னு கவுத்து வச்சிருக்கேன்."