கண்ணில் பூ விழுந்த ஹெட்லைற்

கார் நிற்பது திருகோணமலை உவர்மலையில், கூரையில்லாத முற்றத்தில். காலையிலிருந்து பின்னேரம் வரை வெயில் படும் இடப்பக்க ஹெட்லைற் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. மதில் நிழல் கிடைக்கும் வலப்பக்கத்தில் மங்கல் மட்டும்தான். இரண்டும் பொலிகார்பனேற். இந்தப் பிளாஸ்ரிக் தனியே வெயில் தாங்காது என்பதால் தொழிற்சாலையிலேயே மேலே மெல்லிய காப்புப் பூச்சொன்று போட்டுத்தான் வரும். புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு முதலில் சாவது அந்தப் பூச்சு. அது வெடித்துத் திட்டுத் திட்டாக உரிந்தபின் அடியிலுள்ள பிளாஸ்ரிக்கும் மஞ்சளிக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் சேர்ந்து சுரண்டும்.

தேய்க்கத் தொடங்குமுன் ஒரு கோப்பை தண்ணீரை லைற்றின் மேல் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிந்து, காய்ந்ததும் மங்கினால் பழுது வெளிப்பக்கம், கை வைக்கலாம். நனைந்தும் புகை போலவே தெரிந்தால் உள்ளே ஈரமோ தூசியோ, அல்லது பிளாஸ்ரிக்கின் ஆழத்தில் மயிர்வெடிப்போ இருக்கிறது. அதற்கு வோட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் அரத்தாள்) உதவாது.

பற்பசை பலரும் சொல்லும் வழி. அதிலுள்ள நுண்ணிய தூள் மேலழுக்கை எடுக்கும், செத்த பூச்சை எடுக்காது. அன்று பளிச்சென்று இருக்கும், சில கிழமையில் பழைய நிறம் வந்துவிடும். டீற் (DEET) என்ற இரசாயனம் உள்ள நுளம்பு விரட்டும் மருந்தைத் துடைத்தால் உடனே தெளிவது உண்மைதான். ஆனால் அது பிளாஸ்ரிக்கின் மேற்தோலைக் கரைத்துத்தான் தெளிய வைக்கிறது, பிறகு ஒட்டும், வெடிக்கும். தின்னர், பெற்றோல் இரண்டையும் கிட்டவே கொண்டு போகக்கூடாது.

வைகாசி, சனிக்கிழமை. காரைக் கழுவி, லைற்றைச் சுற்றிப் பெயின்ற் மேல் மாஸ்கிங் ரேப் இரண்டு அடுக்கு. ஒரு அடுக்கு போதாது, 800 நம்பர் பேப்பர் (நம்பர் குறையக் குறையச் சொரசொரப்புக் கூடும்) ஒரே இழுப்பில் அதைக் கிழித்துப் பம்பர் பெயின்ற்றைத் தொட்டுவிடும். வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி. பேப்பரை நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பத்து நிமிடம் ஊறவிட்டு, சிறு ஸ்பொஞ்சில் சுற்றிக்கொள்ள வேண்டும். விரலால் அழுத்தினால் விரல் தடத்திலேயே பள்ளம் விழும்.

முழு வேலையும் 800இல்தான் இருக்கிறது. இடம் வலமாக மட்டும் தேய்க்க, முதலில் மஞ்சள் பால் வடியும். அது வெள்ளையாக மாறும்வரை விடக்கூடாது. இடையில் துடைத்துக் காயவிட்டுச் சாய்த்துப் பார்த்தால், மிச்சமிருக்கும் பழைய பூச்சு வரைபடத்துத் தீவு மாதிரி ஓரக் கோட்டோடு தெரியும். இடப்பக்க லைற்றின் மேல் விளிம்பில் அப்படி மூன்று தீவுகள். அவற்றை விட்டுவிட்டு 1000க்குப் போனால் பிறகு எந்த நம்பராலும் எடுபடாது, கடைசியில் புதுக் காப்புப் பூச்சாகக் கிளியர் அடித்தபின் இன்னும் எடுப்பாகத் தெரியும். இந்த ஒரு நம்பருக்கே நாற்பது நிமிடமும் நான்கு துண்டும் போயின. அடுத்து 1000 மேல் கீழாக, 1500 திரும்ப இடம் வலமாக. திசை மாற்றினால்தான் முந்திய கீறல் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும்.

இடப்பக்கம் 1500உடன் நிறுத்தியாயிற்று. கிளியர் பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும், அந்தக் கீறல்களைக் கிளியரே நிரப்பிவிடும். வலப்பக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கவென்று 2000, 3000 வரை கொண்டுபோய், கொம்பவுண்ட் (மெருகேற்றும் பசை) போட்டு மெஷினில் குறைந்த வேகத்தில் பொலிஷ் மட்டும். வேகம் கூடினால் சூட்டில் பிளாஸ்ரிக் இளகி இழுபட்டுவிடும்.

ஞாயிறு காலை ஆறரை. வெயில் ஏறினால் லைற் சூடாகி, கிளியர் பரவுமுன் காய்ந்து தோடம்பழத் தோல் போலாகும்; கச்சான் எழும்பினால் தூசி ஒட்டும். நிலத்தில் தண்ணீர் தெளித்து, ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்து, 2கே கிளியர் ஸ்பிரே, அதாவது ஹாட்னர் என்ற இறுக வைக்கும் திரவம் கலந்து அடிக்கும் வகை. இதன் ஹாட்னரில் ஐசோசயனேற் இருக்கிறது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது, இரசாயன ஆவிக்கான வடிகட்டி பூட்டிய மாஸ்க்கும் கையுறையும் இல்லாமல் தொடவேண்டாம். பதினைந்து, இருபது சென்ரிமீற்றர் தள்ளி முதல் கோட் பனி படிந்த மாதிரி மட்டும். எடுத்த எடுப்பில் ஈரமாக அடித்தால் கிளியரிலுள்ள கரைப்பான் பிளாஸ்ரிக்கை வெடிக்க வைக்கும். பத்து நிமிடம் கழித்து முழு ஈரக் கோட், இன்னொரு பத்து நிமிடத்தில் மூன்றாவது. கீழ் விளிம்பில் ஒரு துளி வழிந்தது. ஈரத்தில் தொடாமல் விட்டு, ஒரு கிழமை கழித்து 2000இல் தேய்த்துப் பொலிஷ் பண்ணச் சரியாயிற்று.

ஆவணி. இடப்பக்கம் அடித்த அன்றைய மாதிரியே இருக்கிறது. பொலிஷ் மட்டும் போட்ட வலப்பக்கத்தின் மேல் விளிம்பில், நிழலில் நின்றும்கூட, மங்கல் தொடங்கிவிட்டது. இனி அதற்கும் 1000, 1500 தேய்த்துக் கிளியர்தான். பழைய பூச்சு ஏற்கனவே போய்விட்டதால் 800 தேவையில்லை. ஐப்பசி மழைக்கு முன் முடிக்கவேண்டும், ஈரக்காற்றில் அடித்தால் கிளியர் வெளுத்துப் போகும்.