பூர்வீகமா, சுயசம்பாத்தியமா?

"எத்தனை கோடி வச்சிருக்கார்?" என்பதோடு வேட்பாளரைப் பற்றிய டீக்கடைப் பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு அந்தத் தொகையைவிட, அது எப்படி வந்தது என்பதே முக்கியம். அதற்கான விடை படிவம் 26-இல், அதாவது வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில், ஓரளவு இருக்கிறது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

நேராக அசையாச் சொத்துப் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் பரம்பரையா என்ற கேள்வி உண்டு. வாங்கியதென்றால் தேதி, வாங்கிய விலை, இன்றைய மதிப்பு. அடுத்து, 5 ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம். ஆண்டுக்கு 6 லட்சம் காட்டியவர் நடுவில் 2 கோடிக்கு நிலம் வாங்கியிருந்தால், கடன் பத்தியையும் வருமான ஆதாரத்தையும் பாருங்கள்.

ஓட்டை ஒன்று உண்டு. வேட்பாளர், துணைவர், இந்துக் கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்போர் சொத்து மட்டுமே கேட்கப்படுகிறது. சொந்தமாகச் சம்பாதிக்கும் மகன் பெயரில் இருப்பது வராது. அப்பாவின் செல்வாக்குக்கோ பத்தியே கிடையாது! முதல் தலைமுறை வேட்பாளருக்கு மக்களவை டெபாசிட் 25,000 ரூபாயே கனம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. செலவு வரம்போ பெரிய மாநிலங்களில் 95 லட்சம்.