மார்க்கில் சேராத படிப்பு

பிள்ளை பிளஸ் ஒன்னில் சேர்ந்ததும் குமரி மாவட்டத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சுதான்: மார்த்தாண்டத்தில் எந்த ட்யூஷன் கொள்ளாம், நாகர்கோவிலில் எந்த கோச்சிங், போய்வர எத்தனை மணி பஸ். கல்லூரிக்குத் தயாராவது என்பது இதோடு முடிந்துவிடுகிறது. கட்-ஆஃப் நம்மைக் கல்லூரி வாசல்வரை கொண்டு விடும். உள்ளே போன முதல் ஆறு மாதம் என்ன பாடு என்பதை யாரும் சொல்வதில்லை.

நான் தக்கலை பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் கணிதம், கணினி அறிவியல் குரூப் படித்தவள். இப்போது நாகர்கோவிலில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து கேட்கும்போது வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிளஸ் ஒன் புத்தகம். அது தனிப் படிப்பு, பிளஸ் டூவுக்கு முன்னால் வரும் காத்திருப்பு வருடம் அல்ல. ஒரு காலத்தில் பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு பிளஸ் டூவுக்குத் தாவுவார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை வந்தபோது அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பாரம் குறைந்தது, சந்தோஷம்தான். ஆனால் பொதுத்தேர்வு இல்லாத வருடம் என்றால் பள்ளிக்கும் வீட்டுக்கும் இயல்பாகவே ஒரு மெத்தனம் வரும். அந்த மெத்தனத்துக்கான கணக்கு கல்லூரியில் வந்து நிற்கும்.

எப்படி என்றால், நான் படித்த, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணிதம் ஐந்து யூனிட்: அணிகள், வகை நுண்கணிதம், பல மாறிகள் கொண்ட சார்புகள், தொகை நுண்கணிதம், பன்மடித் தொகையிடல். எல்லோரும் எம்-ஒன் என்பார்கள். இதில் வகை நுண்கணிதத்துக்கு அடித்தளம் எல்லையும் தொடர்ச்சியும். அது இருப்பது பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில். கல்லூரியில் அந்த வகுப்பு வந்த அன்று, "இதெல்லாம் லெவன்த்ல பாத்தது தானே" என்று சொல்லி, பேராசிரியர் பலகையின் ஒரு மூலையில் வரையறையை எழுதி, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். என் பெஞ்சில் இருந்த பிள்ளைக்குக் கணிதத்தில் நூற்றுக்கு நூறு. அவள் நோட்டில் அந்தப் பக்கம் காலியாகவே கிடந்தது. பிளஸ் டூ கேள்வி எதைக் கொடுத்தாலும் போடுவாள். இந்தப் பாடத்தை அவளுக்கு யாரும் நடத்தியதே இல்லை. முக்கியக் கேள்விகள் என்று குறித்துத் தரவும் கல்லூரியில் ஆளில்லை. அரியர் விழுவது இப்படித்தான், மூளை இல்லாமல் இல்லை.

நுழைவுத் தேர்வுகளும் அப்படியே. நீட், ஜேஇஇ இரண்டிலும் இரண்டு வருடப் பாடமும் வரும். பொறியியல் கலந்தாய்வுக்கான 200 கட்-ஆஃப், அதாவது கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, பிளஸ் டூ மார்க்கிலிருந்து மட்டும் கணக்காவதால் நம் ஆட்கள் பிளஸ் ஒன்னை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, என்னிடம் பிள்ளைகள் அதிகம் கேட்பது: பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடம் ஒன்றை எடுத்துப் படிக்க முடியுமா? முடியும். அமெரிக்காவில் இதற்கென்றே ஏபி என்று ஓர் ஏற்பாடு 1950களிலிருந்து இருக்கிறது. டெக்சாஸில் இருக்கும் என் சித்தி மகன் பள்ளியிலேயே ஏபி கால்குலஸ் எழுதினான். ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். நல்ல மதிப்பெண் வந்தால் பல கல்லூரிகளில் அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை, எவ்வளவு கழிப்பது என்பதைக் கல்லூரி முடிவுசெய்யும். பள்ளியில் வாங்கிய சான்றிதழைக் காட்டி இங்கே ஒரு பாடத்தைக் கழித்தவரை நான் இதுவரை பார்க்கவில்லை. ஆனால் பாடத்தைப் படிப்பதற்கு வழி உண்டு, அதுவும் வீட்டிலிருந்தபடியே.

நான் எடுத்தது என்பிடெல் என்ற இணைய வழிப் பாடம். ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது. பாடங்கள் 4, 8, 12 வாரம் என்று வரும், ஜனவரியில் ஒரு சுற்று, ஜூலையில் ஒரு சுற்று. வீடியோ பார்க்கவும் வாராந்தர அசைன்மென்ட் எழுதவும் காசு வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டி, நேரில் மையத்துக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். அசைன்மென்டுக்கு 25, பரீட்சைக்கு 75. பிளஸ் ஒன் ஜூலையில் பைத்தான் நிரலாக்கத்தில் 12 வாரப் பாடம் ஒன்றில் சேர்ந்தேன்.

அப்பா ரப்பர் பால்வெட்டு. விடியுமுன் போய் வெட்டிவிட்டுப் பத்து மணிக்கு வீட்டுக்கு வருவார். நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரே கேள்வி: "அது மார்க்குல சேருமா மக்களே?" சேராது என்றேன். "பின்ன எதுக்கு?" என்றார். அன்றைக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. காசு இல்லை என்றதும் சரி என்று விட்டுவிட்டார்.

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அம்மாவின் போனில்தான் எல்லாம். பைத்தானில் ஒரு கட்டளைக்கு உள்ளே வரும் வரிகளை உள்தள்ளி எழுத வேண்டும். போன் கீபோர்டில் நான்கு இடைவெளி தட்டுவது, ஒன்று குறைந்தால் சிவப்பில் பிழைச் செய்தி வருவது, எந்த வரி என்று விரலால் தடவித் தேடுவது என்று முதல் இரண்டு வாரமும் நான் நிரலைவிட இடைவெளியைத்தான் அதிகம் படித்தேன். ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை, முடிவே இல்லாமல் ஓடி போனைச் சூடாக்கியது. பள்ளியாக இருந்தால் மிஸ்ஸிடம் கேட்டிருப்பேன். இங்கே கேள்வியைக் கலந்துரையாடல் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்று மூன்று வாக்கியம் எழுத ஒரு மாலை நேரம் போயிற்று. எழுதி முடிக்கும்போது பிழை எங்கே என்று எனக்கே தெரிந்துவிட்டது. கேள்வியை அனுப்பவே இல்லை.

கெடு இன்னொரு பாடம். அசைன்மென்ட் நள்ளிரவில் மூடிவிடும். ஆடிக் காற்றில் கம்பி அறுந்து கரன்ட் போனது, டேட்டா தீர்ந்தது, கோயில் கொடை என்று எந்தக் காரணமும் அங்கே செல்லாது. ஞாயிற்றுக்கிழமையே பாதியை முடித்து வைக்கும் பழக்கம் அதில்தான் வந்தது. 12 வாரப் பாடத்தில் நன்றாகச் செய்த எட்டு அசைன்மென்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள், அதனால் ஒரு வாரம் தவறினாலும் விட்டுவிட வேண்டாம். பாதியில் நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவது நான்காவது வாரத்தில், ஒன்று தவறியதும் வெட்கப்பட்டு நிறுத்துகிறார்கள்.

அப்பாவின் கேள்விக்கான பதில் கல்லூரி முதல் செமஸ்டரில் கிடைத்தது. அங்கேயும் பைத்தான் பாடம் உண்டு. லேபில் பாதிப் பேர் சிவப்பு எழுத்தைப் பார்த்து விழித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு அது பழகிய முகம். பைத்தான் தெரிந்திருந்ததைவிட, புரியாத ஒன்றின் முன்னால் அரைமணி நேரம் தனியாக உட்கார முடிந்தது பெரிய உதவி. இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் அதே பொறுமைதான் தேவைப்பட்டது.

ஒரே ஒரு பாடம் போதும். சான்றிதழ் சேர்ப்பதற்காக நாலைந்தில் பெயர் கொடுத்து எல்லாவற்றையும் பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிளஸ் டூ ஜூலையில் எதுவும் எடுக்கவேண்டாம், அந்த வருடம் பொதுத்தேர்வுக்கு.

சென்னை ஐஐடி இணைய வழியில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பிஎஸ் பட்டமும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. 2020இல் பிஎஸ்சியாகத் தொடங்கினார்கள். ஜேஇஇ வேண்டாம். பிளஸ் ஒன் தேர்வு எழுதியவர்களே விண்ணப்பிக்கலாம், எந்த குரூப்பாக இருந்தாலும் சரி, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். நான்கு வாரம் ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணக்கீட்டுச் சிந்தனை என்று நான்கு பாடம் நடத்தி, அசைன்மென்ட் வைத்து, பிறகு நேரில் தகுதித் தேர்வு. தேறினால் பிளஸ் டூ முடித்து சேரலாம். யுஜிசி 2022இல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க அனுமதித்துவிட்டதால் உள்ளூர்க் கல்லூரிப் பட்டத்தோடு சேர்த்தே படிக்கலாம். காமர்ஸ் குரூப் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள், உங்களிடம் இதை யாரும் சொல்லமாட்டார்கள். பாடம் முழுவதும் ஆங்கிலத்தில். கட்டணச் சலுகை பிரிவையும் குடும்ப வருமானத்தையும் பொறுத்தது.

அறிவியலில் உண்மையான பிரியம் இருந்தால் ஐசர், அதாவது மத்திய அரசின் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். நாட்டில் ஏழு ஐசர்கள், அதில் ஒன்று நமக்கு மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டம் விதுராவில், 2008இல் வந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் பள்ளியில் அதன் பெயரே யாருக்கும் தெரியாது. நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் என்று தலா 15, மொத்தம் 60 கேள்வி, மூன்று மணி நேரம், 240 மதிப்பெண். சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று போகும். உயிரியல் படிக்காத கணினி குரூப் பிள்ளைகளும் எழுதலாம், 180க்கு எழுதுகிறோம் என்ற கணக்கோடு.

எட்டாம் வகுப்பிலேயே ஐஐடி ஃபவுண்டேஷன் என்று பணம் கட்டுவதைப் பற்றிக் கேட்டால், வேண்டாம் என்பேன். அந்த வயதில் கணக்கில் ஆசை இருக்கிற பிள்ளைக்கு கணித ஒலிம்பியாடின் முதல் கட்டத் தேர்வான ஐஓக்யூஎம் பழைய கேள்வித்தாளைக் கொடுங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். 30 கேள்வி, எல்லா விடையும் இரண்டு இலக்கத்துக்குள் ஒரு முழு எண். வாரம் ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டினாலே போதும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் பற்றி ஒரு பயம் உண்டு. அரசுப் பாடநூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாட வரிசையில் இருப்பது நமக்கு வசதி. தமிழில் புரிந்துகொண்ட பாடத்தை அன்றைக்கு ராத்திரியே ஆங்கிலப் புத்தகத்தில் வாசியுங்கள். டிசம்பரில் வரும் கோட்டாறு சவேரியார் திருவிழா லீவுக்குள் ஒரு தொகுதி முடிந்துவிடும்.

இனி பணம், சலுகை. இதில் நம் மாவட்டத்தில் ஒரு குழப்பம் உண்டு. இங்கே சர்ச்சுகளும் மற்ற நிர்வாகங்களும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் ஏராளம். சம்பளம் அரசு தருவதால் பலர் அவற்றை அரசுப் பள்ளி என்றே நினைக்கிறார்கள். மருத்துவத்தில் 2020லும் பொறியியல் முதலானவற்றில் 2021லும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். உதவிபெறும் பள்ளிக்குக் கிடையாது. என் வகுப்பில் பலருக்கு இது கலந்தாய்வு படிவம் நிரப்பும்போதுதான் தெரிந்தது. ஆறாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் இதை இப்போதே யோசிக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும்போது மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் உதவிபெறும் பள்ளித் தமிழ் வழிப் பிள்ளைகளும் உண்டு. பிளஸ் ஒன்னில் எழுதும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு எல்லாப் பள்ளிக்கும் பொது. 1500 பேருக்கு இரண்டு வருடம் மாதம் 1500 ரூபாய். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும் இருக்கிறது, அது பட்டப்படிப்பு முடியும்வரை வரும் உதவித்தொகை, கேள்விகள் 9, 10ஆம் வகுப்புப் பாடத்திலிருந்து. நான் முதல்வன் திட்டத்தில் நடக்கும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிக்கு அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். எந்தப் படிப்புக்கு எவ்வளவு செலவு என்பதை வெளியாள் வாயால் கேட்டால்தான் வீட்டில் நம்புகிறார்கள்.

கடைசியாகக் காகிதங்கள். பத்தாம் வகுப்பு மார்க் பட்டியல், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பிளஸ் ஒன் லீவிலேயே பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னாலும் இன்னொன்றில் அப்பா பெயர் முழுவதுமாகப் பின்னாலும் இருந்தால், அகில இந்தியத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். வீட்டில் முதல் பட்டதாரி நீங்கள்தான் என்றால் அதற்கான சான்றிதழை இ-சேவை வழியாக விண்ணப்பியுங்கள். கலந்தாய்வில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். கூடப்பிறந்தவர் ஒருவர் ஏற்கெனவே அந்தச் சலுகையை வாங்கியிருந்தால் உங்களுக்குக் கிடைக்காது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்று அந்த விண்ணப்பம் நகர வேண்டும். மே மாதம் ரிசல்ட் வந்தபிறகு கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் எல்லோரும் ஒன்றாக விண்ணப்பம் போடுவார்கள், ஜனவரியிலேயே போட்டுவிடுங்கள்.