காலண்டரில் எழுதிய மணிகள்

எங்கள் சமையலறைச் சுவரில் அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய மாதக் காலண்டர் தொங்குகிறது. பிரதோஷம், அமாவாசை போட்ட கட்டங்களுக்குள் பென்சிலால் 5½, 8, 6 என்று எழுதியிருப்பேன். கடையில் நான் வேலை பார்த்த மணிக்கணக்கு.

நியூஜெர்சி எடிசனில் ஒரு பெரிய கடையில் பில் போடுகிறேன். சேரும்போதே "பகுதி நேரம், வாரம் 29 மணி" என்றார்கள். அது என்ன 29 என்று கேட்கத் தோன்றவில்லை. கூட வேலை பார்க்கும் குஜராத்தி அக்காதான் சொன்னார்: "முப்பதானால் இன்சூரன்ஸ் கொடுக்கணுமே!" 2010-ல் வந்த ஒபாமாகேர் என்ற மருத்துவ இன்சூரன்ஸ் சட்டம் அது. 50 முழுநேர ஆட்களுக்குச் சமமான பணியாளர்கள் இருந்தால், வாரம் சராசரி 30 மணி வேலை பார்ப்பவருக்கு இன்சூரன்ஸ் தர வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் வரலாம். என் கணவர் வேலை பார்ப்பது 18 பேர் கம்பெனி. அவர்களை அது கட்டுப்படுத்தாது.

ஆனால் 29 என்பது காகிதத்தில்தான். யாராவது வராவிட்டால் எனக்குத்தான் போன். மணிக்கணக்கு இப்படி ஏறி இறங்கினால் ஓராண்டு வரை திரும்பிப் பார்த்துச் சராசரி எடுக்கலாம். எங்கள் கடையில் அக்டோபர் நடுவிலிருந்து அடுத்த அக்டோபர் வரை. 52 வாரத்துக்கு 1560 மணி வர வேண்டும்.

போன வருடக் காலண்டரையும் பரணிலிருந்து எடுத்துக் கூட்டினேன். 1566. எச்.ஆர். சொன்னது 1540. இரண்டு ராத்திரி சம்பளச் சீட்டுகளைத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்ததில் அந்த 26 அகப்பட்டது. சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் எடுத்த சிக் லீவ்! இங்கே 30 மணி வேலைக்கு 1 மணி அந்த லீவ் சேரும். சீட்டில் அது தனி வரியில் இருந்ததால் விட்டுவிட்டார்கள். வேலை பார்க்கவில்லை, சரி. ஆனால் சம்பளம் கொடுத்த லீவும் கணக்கில் சேரும் என்பதுதான் விதி. மெயில் போட்டேன். ஒன்பது நாள் கழித்து ஒரு வரியில் பதில்: தகுதி உண்டு. வருத்தம் என்ற சொல்லே அதில் இல்லை.

ஜனவரியில் இன்சூரன்ஸ் கார்டு வந்தது, எனக்கும் சின்னவளுக்கும். பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லும் சட்டம், கணவரைப் பற்றிச் சொல்லவில்லை; கடையும் சேர்த்துக்கொள்ளவில்லை. "அப்ப நான் யாரு?" என்று கேட்டுவிட்டு இவர் தனக்கு வேறு பாலிசி தேடிக்கொண்டிருக்கிறார்.

இந்த வார ஷெட்யூலில் எனக்கு 26 மணி. தகுதி வந்துவிட்டதால், மணி குறைந்தாலும் டிசம்பர் வரை கார்டு போகாது. அதற்கப்புறம் என்ன ஆகும் என்பது புதுக் காலண்டரில்தான் இருக்கிறது.