டார்னுவ் வழியாக பிர்கெனாவுக்கு

போலந்தின் கிராக்கோவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரு நாளை ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமுக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நானும் அங்கேதான் போக வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 2 அன்று அந்த முகாமின் பிர்கெனாவு பகுதியில், நாஜிகள் கொன்ற ரோமா மக்களுக்கான இனப்படுகொலை நினைவு நாள். ஆனால் கொல்லப்பட்ட மக்களை அவர்களுடைய சாவை வைத்து மட்டும் தெரிந்துகொள்வதில் எனக்கு விருப்பமில்லை. அதனால் முதலில் கிழக்கே போகும் ரயிலில் ஏறி டார்னுவில் இறங்கினேன்.

சுமார் 80 கிலோமீட்டர் தொலைவு, ஒரு மணி நேரப் பயணம். அங்குள்ள இனவரைவியல் அருங்காட்சியகத்தில், நாம் ஜிப்சிகள் என்று படித்த ரோமா மக்களுக்கென்றே நிரந்தரக் கண்காட்சி ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவின் வடமேற்கிலிருந்து புறப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். நான் வெகுநேரம் நின்றது முற்றத்தில். வண்ணம் பூசிய கூண்டு வண்டிகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஒரு குடும்பம் மொத்தமும் படுத்து, சமைத்து, பிள்ளை பெற்று வளர்த்த வீடுகள் இவை. 1964-இல் போலந்து அரசு இந்த நாடோடிப் பயணங்களைத் தடுத்து நிறுத்திவிட்டது.

1996-இல் இந்த முற்றத்திலிருந்து வண்டிகள் மறுபடி கிளம்பின. ஜூலை மாதத்தில் நடக்கும் அந்த நினைவுப் பயணத்துக்கு ‘டபோர்’ என்று பெயர். சுற்றியுள்ள கிராமங்களில் ரோமாக்கள் சுட்டுப் புதைக்கப்பட்ட இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பிரார்த்தனை செய்கிறார்கள். அப்புறம் முகாமிட்டு நெருப்பு மூட்டி, வயலின் வாசித்துப் பாடுகிறார்கள். நினைவு நாள் என்றால் தலை குனிந்து நிற்பது மட்டும்தானா? அழிக்க நினைத்த பாட்டை அதே மண்ணில் உரக்கப் பாடுவதும் அஞ்சலிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான் போனபோது அந்த வருடத்து டபோர் முடிந்திருந்தது. வாடகைக் காரில் ஷ்சுரோவா கிராமத்துக்குப் போனேன். இங்கிருந்த ரோமாக்கள் நாடோடிகள் அல்ல. தலைமுறைகளாக வீடு கட்டி வாழ்ந்தவர்கள், ஊர்க்காரர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். 1943 ஜூலை 3 அன்று நாஜிகள் அவர்களை வீடுகளிலிருந்து இழுத்து வந்து, ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். 93 பேர். கைக்குழந்தைகளும் அதில் உண்டு. பிறகு அவர்களுடைய வீடுகளையும் கொளுத்தினார்கள்.

அந்தப் புதைகுழி மேல் 1956-இல் உள்ளூர்க்காரர்களே ஒரு நினைவுக்கல் நட்டார்கள். ரோமா இனப்படுகொலைக்காக எழுப்பப்பட்ட முதல் நினைவுச் சின்னங்களில் அது ஒன்று. அதே 1956-இல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? 1940-இல் நாஜிகள் ரோமாக்களை நாடு கடத்தியது இனவெறியால் அல்ல, பாதுகாப்பு நடவடிக்கை என்றது. அதைக் காட்டியே உயிர் தப்பியவர்களுக்கு இழப்பீடு மறுத்தார்கள். நடந்தது இனப்படுகொலை என்று ஜெர்மனி ஒப்புக்கொள்ள 1982 ஆனது. தங்களோடு வாழ்ந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன நடந்தது என்று இந்தச் சிறிய கிராமத்துக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கல் முன் நிற்கும்போது எனக்குக் கோபமும் வந்தது, இந்த ஊர் மேல் பெரிய மரியாதையும் வந்தது.

எல்லா ஊரும் அப்படி இல்லை. பக்கத்தில் போஷென்சினில் 2011-இல் ஒரு மரச் சிற்பம் வைத்தார்கள். உருவாக்கியவர் ரோமா கலைஞரான மால்கோர்சாட்டா மிர்கா-டாஸ். 2016-இல் யாரோ அதை வெட்டிச் சிதைத்தார்கள். அது திரும்ப எழுப்பப்பட்டது. 2022-இல் அதே மிர்கா-டாஸ் வெனிஸ் பியன்னாலே என்ற சர்வதேசக் கலை விழாவில் போலந்தின் அரங்கத்தையே தன் துணிச் சித்திரங்களால் நிரப்பினார். உடுத்திப் பழகிய துணிகளை வெட்டி, தைத்து, தன் இனத்துப் பெண்கள் சமைப்பதையும் சீட்டாடுவதையும் ராணிகளைப் போலப் பெரிதாகக் காட்டியிருந்தார். அந்த விழாவில் ஒரு நாட்டின் அரங்கத்துக்குப் பொறுப்பேற்ற முதல் ரோமா கலைஞர் அவர்தான்.

ஆகஸ்ட் 2 காலை பிர்கெனாவில் வெயில் கடுமையாக இருந்தது. ‘பி-டூ-இ’ என்ற பகுதியில்தான் ரோமாக்களையும் அவர்களில் ஒரு பிரிவினரான ஸிண்டிகளையும் குடும்பம் குடும்பமாக அடைத்துவைத்திருந்தார்கள். ஆஷ்விட்ஸுக்கு வந்த சுமார் 23,000 பேரில் ஏறக்குறைய 21,000 பேர் பசியிலும் நோயிலும் விஷவாயுவிலும் இறந்துபோனார்கள். 1944 ஆகஸ்ட் 2 அன்று வேலைக்கு ஆவார்கள் என்று தோன்றியவர்களைப் பிரித்து ரயிலேற்றிவிட்டு, மீதியிருந்த 4,200-க்கும் மேற்பட்டவர்களை அன்று இரவே கொன்றார்கள். பெரும்பாலும் கிழவர்கள், தாய்மார்கள், குழந்தைகள். இப்போது அந்தப் பகுதியில் புல்லும், கொட்டடிகளின் அடித்தளமும், செங்கல் புகைபோக்கிகளின் மிச்சமும்தான் இருக்கின்றன.

மலர்வளையங்களும் உரைகளும் நீண்ட நேரம் நடந்தன. 2015-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்த நாளை அங்கீகரித்ததிலிருந்து அதிகாரிகள் வருகையும் கூடியிருக்கிறது. அது தேவைதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டவர்கள் பல நாடுகளிலிருந்து வந்திருந்த ரோமா இளைஞர்கள். நீலமும் பச்சையுமாக, நடுவில் சிவப்புச் சக்கரம் வைத்த தங்கள் கொடியைத் தோளில் போர்த்தியிருந்தார்கள். நான் எந்த ஊர் என்று ஒரு பெண் கேட்டாள். இந்தியா என்றதும் தன் பாட்டியைக் கூட்டி வந்தாள். அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதேதோ பேசினார். பேத்தி மொழிபெயர்த்தாள்: “சாப்பிட்டுத்தான் போகணும் என்கிறார்.”

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். பிர்கெனாவின் வழக்கமான சுற்றில் ‘பி-டூ-இ’ பகுதியை விட்டுவிடக்கூடும். வழிகாட்டியிடம் முன்பே கேட்டுவிடுங்கள். ஆஷ்விட்ஸ் முதல் முகாமில் 13-ஆம் கட்டடம் முழுக்க ரோமா வரலாறுதான், அதையும் தவறவிடாதீர்கள். டார்னுவிலிருந்து கிராமங்களுக்குப் போக கார் வசதி. முடிந்தால் ஜூலையில் டபோர் தேதி பார்த்துப் போங்கள். நான் அடுத்த முறை அப்படித்தான் போகப்போகிறேன்.