எடுக்கேலாத மாதிரி

விசுவமடுவில் என் வீட்டுக் கொம்பியூட்டரைத் தேடி வருகிற மெமரி காட்டுகள் அநேகமாக ஒரே கேள்வியோடுதான் வரும்: "அழிஞ்ச படத்தைத் திருப்பி எடுக்கேலுமோ?" 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து போன பல வீடுகளில் ஒரு கல்யாண அல்பம்கூட மிஞ்சவில்லை. அதனால் ஒரேயொரு படத்துக்காக உடைந்த போனைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார்கள். ஒருநாள் வந்த ஒரு அம்மாவும் அதையேதான் கேட்டார். "ஏலாது" என்று நான் சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்துக் கேட்டார்.

அவர் கொண்டுவந்த மெமரி காட்டில் இருந்தது அவருடைய கணவரின் செத்தவீட்டு வீடியோ. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்காக எடுத்தது. அந்தியேட்டிச் சடங்கு முடிந்தும் கடைசி மகள் இரவிரவாக அதையே போட்டுப் பார்க்கிறாளாம், ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் இல்லையாம்.

காட்டில் உள்ளதை அழிக்க விண்டோஸில் போமற் கொடுக்கப்போனால் 'குவிக் போமற்' என்ற இடத்தில் ஏற்கெனவே சரி போட்டிருக்கும். அப்படியே விட்டால் சில நொடியில் வேலை முடியும். ஆனால் அது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்த மாதிரி. பக்கங்கள் உள்ளேயே கிடக்கும். புதிதாக எதுவும் பதியாதவரை போட்டோரெக் மாதிரியான மென்பொருளால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அந்தச் சரியை எடுத்துவிட்டால், விஸ்டா என்ற பதிப்பிலிருந்து வந்த விண்டோஸ் எல்லாம் காட் முழுக்கப் பூச்சியம் எழுதும். பிறகு எந்தக் கடைக்குக் கொண்டுபோயும் பயனில்லை. இதையெல்லாம் அவருக்கு விளங்கச் சொன்னேன்.

"எடுக்கேலாத மாதிரியே செய்து தாங்கோ தம்பி."

"பிள்ளையளிட்டக் கேட்டனீங்களோ அம்மா?"

"கேட்டா வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம். அதுக்குத்தானே இஞ்ச கொண்டந்தனான்."

இந்த இடத்திலேயே என் மனம் இன்னும் நிற்கிறது. குவிக் போமற் செய்துவிட்டு "முடிஞ்சுது அம்மா" என்று சொல்லியிருக்கலாம். மகள் பிறகு தேடி வந்தால் எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் அது அவரை ஏமாற்றுவது. ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தால் என்ன என்றும் நினைப்பு வரும். அது அதைவிட மோசம். ஊரில் எல்லாரும் போனையும் காட்டையும் என் கையில் தந்துவிட்டுப் போவது, நான் பிரதி எடுக்கமாட்டேன் என்ற நம்பிக்கையில்தான்.

சரியை எடுத்தேன். 16 ஜிபி காட், மெதுவாகத்தான் போனது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லுவார் என்று நான்தான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. முடிந்ததும் போட்டோரெக்கைப் போட்டுத் தேடிக் காட்டினேன். ஒன்றும் வரவில்லை.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு போராட்டம் தொடங்கினார்கள். அவர்களுக்குச் செத்தவீடு என்று ஒன்றே நடக்கவில்லை. இந்த அம்மாவுக்கு நடந்தது. பார்த்தார், அழுதார், இனிப் போதும் என்கிறார். போதும் என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருக்கத்தானே வேண்டும்? இப்படி நினைக்கும்போது மனம் ஆறும்.

ஆனால் மகள் வந்தாள், அதே காட்டோடு.

"அண்ணா, இதுக்குள்ள இருந்ததை எடுக்கேலுமோ?"

"ஏலாது தங்கச்சி" என்றேன். காட்டை வாங்கிப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காமல் எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை, காட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு போய்விட்டாள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? தாய் என்னிடம் செய்வித்த வேலையை மகளுக்குச் சொல்ல எனக்கு உரிமையில்லை. காட் தாயுடையது, கணவரும் அவருடையவர். ஆனால் அவளுக்கும் அவர் அப்பாதானே. வேண்டாம் என்று சொல்லக்கூட அவளுக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. அப்படிக் கிடைக்காமல் இருக்கத்தான் காட் என்னிடம் வந்தது, அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

இப்போதும் யாராவது அழிக்கச் சொல்லி வந்தால், வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறேன். தெரியாது என்றாலும் அழித்துத்தான் கொடுக்கிறேன்.