பறக்கும் சிக்னல் ரெக்கார்டர்: ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டாக எடுப்பவர்களுக்கு

ட்ரோனில் ஒரு ரிசீவரைக் கட்டி மேலே அனுப்பி, அங்கே கிடைக்கும் சிக்னலைப் பதிந்து கீழே இறக்குவது. ஜீரோத் ரிவ்யூவில் இப்படி ஒரு வரியில் சொன்னாலே கைடு தலையாட்டிவிடுவார். வில்லங்கம் கடைசி ரிவ்யூவில்தான் தெரியும். ரிசீவர் நன்றாகவே வேலை செய்திருக்கும், பதிவுதான் பாழாகியிருக்கும். ஃபைல் பாதியில் நின்றிருக்கும். முழுதாக இருந்தாலும் எந்த நொடியில், எந்த உயரத்தில் பதிவானது என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே இதை ரிசீவர் ப்ராஜெக்ட் என்று எண்ணாமல் ரெக்கார்டர் ப்ராஜெக்ட் என்று எண்ணித் தொடங்குங்கள்.

இந்தத் துறையின் பழைய சம்பவம் ஒன்று வைவாவிலும் உதவும். 1940 ஜூன் 21 இரவு, ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானங்களுக்கு வழிகாட்டிய ரேடியோ கற்றையைத் தேடி ஒரு பிரிட்டிஷ் ஆன்சன் விமானம் கிளம்பியது. அதில் இருந்த ரிசீவர், அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்காக அமெரிக்காவில் தயாரான ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-27. கற்றை கிடைத்தது: 31.5 மெகாஹெர்ட்ஸ், 400 முதல் 500 கெஜ அகலம், இங்கிலாந்தின் ஸ்பால்டிங் ஊருக்குச் சற்றுத் தெற்கே, தென்பக்கம் புள்ளி (குறுகிய) ஒலி, வடபக்கம் கோடு (நீண்ட) ஒலி. அலைவரிசை, இடம், அகலம், சிக்னலின் தன்மை. உங்கள் பதிவிலிருந்தும் இந்த நான்கையும் எடுத்துச் சொல்ல முடிய வேண்டும். இன்று ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு மின்னணு ஆய்வகமான டிஎல்ஆர்எல் போன்றவை இதே வேலையைப் பல மடங்கு பெரிதாகச் செய்கின்றன.

எந்த சிக்னலை எடுப்பது? பயணிகள் விமானங்கள் தங்கள் இருப்பிடத்தைத் தாமே அறிவிக்கும் 1090 மெகாஹெர்ட்ஸ் ஏடிஎஸ்-பி மாணவர்களுக்குப் பொருத்தமானது. மறையாக்கம் கிடையாது. ஒவ்வொரு செய்தியிலும் விமானத்தின் 24 பிட் முகவரி இருக்கும். கடைசி 24 பிட், செய்தி சரியாக வந்ததா என்று சோதிப்பதற்கு. உங்கள் ரெக்கார்டர் ஒழுங்காகப் பதிகிறதா என்பதை சிக்னலே சொல்லிவிடும். இரண்டாவதாக எஃப்எம் ஒலிபரப்பு, 88 முதல் 108 வரை; அது சோதனைக்கு. செல்பேசி, காவல்துறை அலைவரிசைகள் பக்கம் போகவே கூடாது. பிறருடைய தகவல் தொடர்பை இடைமறிப்பது சட்டப்படி குற்றம், ப்ராஜெக்ட் என்று சொல்லித் தப்ப முடியாது.

பறக்கும் இடத்தை முதல் வாரமே முடிவு செய்யுங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி பசுமை மண்டலத்தில் (முன் அனுமதி தேவைப்படாத பகுதி) 400 அடி வரை, அதாவது ஏறத்தாழ 120 மீட்டர் பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அது 200 அடியாகச் சுருங்கும். அதைவிட நெருங்கினால் அனுமதியில்லாமல் தரையைவிட்டே எழும்பக் கூடாது. சென்னை விமான நிலையத்தை ஒட்டிய குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் தங்கள் மைதானத்திலேயே பறக்கலாம் என்று திட்டம் போடுவது அங்கேயே அடிபட்டுப்போகும். அரசின் டிஜிட்டல் ஸ்கை தள வரைபடத்தைப் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து ரிப்போர்ட்டில் சேர்த்துவிடுங்கள்.

இனி பொருட்கள். ஆர்820டி2 ட்யூனர் உள்ள ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் ரிசீவர்), 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை) டிசிஎக்ஸ்ஓ கடிகாரம் வைத்ததாக. ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி (இனி 'பை'). 1090 மெகாஹெர்ட்ஸை மட்டும் விடும் சா ஃபில்டர். 20 டெசிபெல் அளவு பெருக்கும் எல்என்ஏ (குறைந்த இரைச்சல் பெருக்கி). பிபிஎஸ் (விநாடிக்கு ஒரு துடிப்பு) வெளியீடு உள்ள ஜிபிஎஸ் மாட்யூல். தனி 3 செல் 2200 எம்ஏஎச் பேட்டரி. ட்ரோனின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள்; மோட்டார் இழுக்கும்போதெல்லாம் மின்னழுத்தம் சரிந்து பை ரீபூட் ஆகும். ரெக்கார்டர் மொத்தம் 8 வாட் தின்கிறது, பேட்டரி மின்னழுத்தத்தை இறக்கும் கன்வெர்ட்டரின் திறன் 85 சதவீதம், பேட்டரியில் 80 சதவீதத்தை மட்டும் பயன்படுத்துகிறோம் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 2 மணி நேரம் தாங்கும். ட்ரோன் அதற்கு முன்பே இறங்கிவிடும்.

பதிவுக் கணக்கைத்தான் பலரும் போடாமல் விடுகிறார்கள். விநாடிக்கு 24 லட்சம் சாம்பிள், ஒவ்வொன்றுக்கும் ஐ, கியூ என்ற இரு கூறுகள், தலா ஒரு பைட். ஆக விநாடிக்கு 4.8 மெகாபைட், நிமிடத்துக்கு 288, அரை மணிக்கு 8.64 ஜிகாபைட். கார்டு ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. 14 நிமிடம் 54 விநாடியில் பதிவு நின்றுவிடும். மேசையில் ஐந்து நிமிடம் சோதித்தவருக்கு இது கண்ணில் படவே படாது. கார்டை எக்ஸ்ட்4 ஆக்குங்கள், நிமிடத்துக்கு ஒரு ஃபைலாக வெட்டுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் இழப்பு அந்தக் கடைசி ஃபைலோடு நிற்கும்.

கார்டின் மேல் விநாடிக்கு 10 மெகாபைட் வேகம் என்று போட்டிருக்கும், நமக்கு 4.8 போதுமே என்று தோன்றும். ஆனால் அது சராசரி. எஸ்டி கார்டு அவ்வப்போது உள்வேலைக்காக மூச்சுப் பிடித்து நிற்கும். அந்த நேரத்தில் வரும் சாம்பிள்களுக்குப் போக்கிடம் இல்லை, தொலைந்துவிடும். யுஎஸ்பியிலிருந்து வாங்க ஒரு த்ரெட், கார்டில் எழுத இன்னொரு த்ரெட், நடுவில் ராமில் 64 மெகாபைட் சுழல் பஃபர் என்று பிரித்தால் 13 விநாடித் தேக்கம் வரை தாங்கும். சரிபார்ப்பது சுலபம். கடிகாரம் பார்த்து சரியாக 10 நிமிடம் பதியுங்கள். மொத்தம் 288,00,00,000 பைட் வர வேண்டும். சில லட்சம் பைட் வித்தியாசம் என்றால் தொடங்கி நிறுத்திய நேரத்தின் தடுமாற்றம். பல மெகாபைட் குறைந்தால் சாம்பிள் விழுந்திருக்கிறது. இந்தச் சோதனையை சாம்பிள் எண்ணிக்கை கொடுத்துச் செய்யாதீர்கள். எண்ணிக்கை எப்படியும் நிரம்பிவிடும், இழப்பு தெரியாது.

இன்னொன்று: டாங்கிள் தருவது குறியில்லாத 8 பிட், நடுப்புள்ளி 127.5. அதைக் குறியுள்ள எண்ணாகப் படித்தால் சிக்னலே உருத்தெரியாமல் சிதைந்துபோகும், ஆன்டெனாவைக் குறை சொல்லி ஒரு வாரம் போகும். ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் சாம்பிள் வேகம், மைய அலைவரிசை, கெயின் (பெருக்க அளவு), தொடங்கிய நேரம் எழுதிய ஒரு சிறு ஃபைல் இருக்கட்டும். சிக்எம்எஃப் வடிவம் இதற்கென்றே இருக்கிறது, அதில் இந்த வகைத் தரவின் பெயர் சியு8.

நேரம் அடுத்த கண்ணி. பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. இணையம் இல்லாத மைதானத்தில் பூட் செய்தால் முன்பு அணைத்த நேரத்தையொட்டி ஏதோ ஒரு நேரத்தைக் காட்டும். ஜிபிஎஸ் சீரியலில் அனுப்பும் நேரமும் தாமதமாகவே வந்து சேரும்; எந்த விநாடி என்று அறிய அது போதும், அந்த விநாடி எப்போது பிறந்தது என்று சொல்வது பிபிஎஸ் துடிப்புதான். அதைப் பையின் ஜிபிஐஓ பின்னில் கொடுத்து, கடிகாரத்தைச் சரிசெய்யும் க்ரோனி மென்பொருளோடு இணையுங்கள். சாம்பிள்களை எண்ணியே நேரம் கணக்கிடலாமே என்று எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் கேட்பார். 1 பிபிஎம் பிழை அரை மணியில் 1.8 மில்லிவிநாடி ஆகும். அதற்குள் ரேடியோ அலை 540 கிலோமீட்டர் போய்விடும். எந்த விமானத்தின் சிக்னல் எப்போது கேட்டது என்று சொல்ல அது போதும், இரண்டு ரிசீவர் வைத்து நேர வித்தியாசத்தில் இடம் கண்டுபிடிக்கப் போதாது. இந்தப் பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

அடுத்து, மேலே போனால் என்ன மாறுகிறது. ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் 4.12-ஐ உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தால் பெருக்கிய அளவு. தரையில் ஒன்றரை மீட்டரில் 5 கிலோமீட்டர், 100 மீட்டரில் 41. பத்தாயிரம் மீட்டரில் பறக்கும் விமானத்துக்கு அதன் பங்கே 412. எனவே ஏடிஎஸ்-பிக்கு ட்ரோன் சேர்த்துத் தருவது காகிதத்தில் 36 கிலோமீட்டர்தான். உண்மையான லாபம் கட்டடமும் மரமும் மறைக்காமல் போவது. தரையிலுள்ள டிரான்ஸ்மிட்டர்களுக்கோ கதை வேறு, அத்தனையும் ஒரே நேரத்தில் கண்ணெதிரே வந்து நிற்கும். கீழே பலவீனமான சிக்னலை எண்ணிக் கவலைப்பட்டவர்கள் மேலே பலமான சிக்னலால் தோற்கிறார்கள். 10 கிலோவாட் கதிர்வீச்சுள்ள எஃப்எம் நிலையம் 5 கிலோமீட்டரில் நேர்ப்பார்வையில் இருந்தால் சாதாரண ஆன்டெனாவில் −16 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு) விழும். 200 கிலோமீட்டர் தூரத்து விமானத்தின் 125 வாட் சிக்னலோ −88. வித்தியாசம் 72 டெசிபெல். டாங்கிளின் 8 பிட் டிஜிட்டல் மாற்றி தாங்குவது ஏறத்தாழ 50 டெசிபெல். ஃபில்டர் எதற்கு என்ற கேள்விக்கு இந்த மூன்று எண்களே விடை.

ஃபில்டரை எல்என்ஏவுக்கு முன்னே வைத்தால் அதன் இழப்பு அப்படியே இரைச்சல் எண்ணில் (ரிசீவர் தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) ஏறும். தரையில் அதனால் பின்னே வைக்கச் சொல்வார்கள். நகரத்துக்கு மேலே பறப்பதானால் முன்னே வையுங்கள். 2 டெசிபெல் இழப்பைவிட எல்என்ஏ திணறுவது மோசம். எல்என்ஏ மட்டும் ஆன்டெனாவை ஒட்டியே இருக்க வேண்டும். மொட்டைமாடிச் சோதனையில் 3 மீட்டர் ஆர்ஜி174 கேபிள் போட்டால் ஏறத்தாழ 3 டெசிபெல் போகும். இரைச்சல் எண் எல்என்ஏவுக்கு 1 டெசிபெல், ரிசீவருக்கு 6 டெசிபெல் என்று வைத்து ஃப்ரீஸ் சூத்திரம் போட்டுப் பாருங்கள்: எல்என்ஏ முன்னே இருந்தால் மொத்தம் 1.2, கேபிள் முன்னே இருந்தால் 4.1.

கெயினைத் தானியங்கியில் விடாதீர்கள். நிலையாக வைத்து, பதிவில் 0-வும் 255-ம் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணுங்கள். நிறைய வந்தால் குறையுங்கள். திரையில் புதிதாக ஒரு சிக்னல் தெரிந்தால் அது நிஜமா, ரிசீவருக்குள் பிறந்த பிள்ளையா என்று அறிய ஆன்டெனா வழியில் சிக்னலைக் குறைக்கும் 3 டெசிபெல் பேட் செருகுங்கள். நிஜ சிக்னல் 3 குறையும். பலமான சிக்னல்கள் ரிசீவருக்குள் கலந்து (மூன்றாம் வரிசைக் கலப்பு) பிறந்தது 9 குறையும்.

மிச்ச இரைச்சல் நம் பெட்டிக்குள்ளிருந்தே வருகிறது. மலிவாகக் கிடைக்கும் எல்எம்2596 கன்வெர்ட்டர் 150 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகும். வாட்டர்ஃபாலில் (அலைவரிசைகளைக் காட்டும் ஓடும் படம்) ஒரு பலமான எஃப்எம் நிலையத்தைப் பாருங்கள்: இரண்டு பக்கமும் சரியாக 150, 300 என்று தள்ளித் தள்ளி மெல்லிய கோடுகள் சீப்புப் பல் போல நின்றால் குற்றவாளி அதுதான். எல்என்ஏவுக்குத் தனி எல்டிஓ ரெகுலேட்டர், யுஎஸ்பி கேபிளில் ஃபெரைட் வளையம், டாங்கிளுக்கும் பைக்கும் நடுவே செப்பு டேப் ஒட்டித் தரையிணைத்த தடுப்பு, ஆன்டெனாவுக்கும் பைக்கும் குறைந்தது 30 சென்டிமீட்டர். ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் திரையைப் படமெடுங்கள். ரிப்போர்ட்டின் நல்ல அத்தியாயம் இதிலேயே அமைந்துவிடும். பிறகு புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மோட்டார்களை ஓட்டி இன்னொரு படம்.

ஆன்டெனா 6.6 சென்டிமீட்டர் கம்பி, நான்கு ரேடியல். ட்ரோனின் அடியில் தொங்கட்டும். கார்பன் ஃபைபர் கை மின்கடத்தி, அதை ஒட்டி வைத்தால் ஆன்டெனா ட்யூன் மாறும். அதிர்வில் முதலில் கழல்வது டாங்கிளின் யுஎஸ்பி முனை. நொடிப்பொழுது விட்டுப் பிடித்தாலும் பதிவு நின்றுவிடும். கேபிள் டை போட்டு, சூட்டுப் பசையும் வையுங்கள்.

தலைப்பில் 'மெஷின் லேர்னிங் வழி சிக்னல் வகைப்பாடு' என்று சேர்க்கும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். சாம்பிள் விழாத அரை மணிப் பதிவு ஒன்று கையில் வந்த பிறகு சேர்க்கலாம்.

பறக்கும் நாளில் பெட்டியை 20 நிமிடம் முன்பே ஆன் செய்து சூடேற விடுங்கள். குளிர்ந்த டாங்கிளின் அலைவரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். ஜிபிஎஸ் பிடித்ததா, பிபிஎஸ் துடிக்கிறதா, ஃபைல் வளர்கிறதா என்று மூன்று எல்இடி வைத்தால் லேப்டாப் இல்லாமலே பார்க்கலாம். 30, 60, 90 மீட்டரில் தலா மூன்று நிமிடம் நிறுத்துங்கள். ஒவ்வொரு உயரத்திலும் கேட்ட தனி விமான முகவரிகளின் எண்ணிக்கையே உங்கள் முடிவு வரைபடம். தரையிலும் ஒரு ரிசீவர் அதே நேரத்தில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணிக்கை கூடியது உயரத்தாலா, அந்த நேரத்தில் விமானங்கள் அதிகமாக வந்ததாலா என்ற கேள்விக்குப் பதில் இராது. இறங்கியதும் பேட்டரியைப் பிடுங்காதீர்கள். ஷட்டவுன் பட்டனை அழுத்தி, பச்சை விளக்கு ஓய்ந்த பிறகு கார்டை எடுத்து, மைதானத்திலேயே இரண்டு பிரதிகள் போடுங்கள்.